ஆபீஸ் நேரத்தில் தொண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிறுவனங்களில் ஊழியர்கள் சேர்ந்து செய்யும் தன்னார்வத் தொண்டு பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அதைத் தொடர்ந்து முதலாளி, மனிதவள அதிகாரி, மெஷினில் நிற்கும் தொழிலாளி, இல்லம் நடத்துபவர் என்று நாலா பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: எங்களுடையது அறுபது பேர் வேலை பார்க்கும் சின்ன கம்பெனி. இதற்கென்று தனிப் பிரிவோ பட்ஜெட்டோ கிடையாது. ஊழியர்களோடு சேர்ந்து ஏதாவது உருப்படியாகச் செய்ய ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? (நிறுவன உரிமையாளர்)

பதில்: உங்கள் அறுபது பேரிலேயே ஏற்கெனவே தொண்டு செய்துகொண்டிருப்பவர்கள் சிலர் இருப்பார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார், இன்னொருவர் பார்வையற்றவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பார். ஆபீஸில் யாருக்கும் தெரியாது, அவர்களும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். முதலில் அவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த இடம் நேர்மையாக நடக்கிறது, எங்கே ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள், எங்கே கூட்டம் அதிகம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து ஆலோசகரை அழைத்துவந்தாலும் அவரும் கடைசியில் இவர்களிடம்தான் வந்து கேட்பார்.

அப்புறம், அவர்கள் சொல்லும் இடங்களில் ஒன்றுக்கு நீங்களே நேரில் போங்கள். கூட ஒருவர் போதும். போய், "நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று அவர்களும் எதையாவது சொல்லிவைப்பார்கள். "இங்கே ரொம்ப நாளாகச் செய்ய முடியாமல் கிடக்கும் வேலை எது?" என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் சின்னதாக, கொஞ்சம் சலிப்பூட்டுவதாகக்கூட இருக்கும்: பழைய கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், மருத்துவமனைக்குத் துணைக்குப் போக ஆள் வேண்டும், மின்சார இணைப்பை ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டும். அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்: திட்டம் உங்கள் ஆபீஸில் பிறக்கக் கூடாது, போகிற இடத்தின் தேவையிலிருந்து பிறக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு கொடுங்கள். இது ஒன்றும் புதுசு இல்லை. ஜெராக்ஸ் நிறுவனம் 1971-லேயே தன் ஊழியர்களில் சிலரை முழுச் சம்பளத்தோடு ஒரு வருடம் வரைக்கும் சமூகப் பணிக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. காலணி தயாரிக்கும் டிம்பர்லேண்ட் 1992-ல் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 16 மணி நேரம் என்று ஆரம்பித்து, பின்னால் அதை 40 மணி நேரமாக்கியது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 1999-ல் தொடங்கியபோதே நிறுவனப் பங்குகளில் 1 சதவீதம், தயாரிப்பில் 1 சதவீதம், ஊழியர் நேரத்தில் 1 சதவீதம் என்று ஒதுக்கிவைத்தது. அப்போது அது உங்களுடையதைவிடச் சின்ன கம்பெனி. பெரிதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் ஆளுக்கு வருடத்துக்கு ஒரு வேலை நாள் கொடுத்தால்கூட 480 மணி நேரம் ஆகிறது. அதை ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டாமல் அரை நாளாகவோ இரண்டு மணி நேரமாகவோ பிரித்து எடுத்துக்கொள்ள விடுங்கள். ஒருங்கிணைக்க ஒருவரை நியமியுங்கள், ஆனால் அவருடைய வழக்கமான வேலையில் அந்த அளவைக் குறைத்துவிட்டு நியமியுங்கள். கூடுதல் சுமையாகத் தலையில் கட்டினால் மூன்றாவது மாதமே அவர் ஓய்ந்துபோவார், அவரோடு திட்டமும் ஓய்ந்துபோகும். யார் போகலாம், யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், போக்குவரத்துச் செலவு யாருடையது, அங்கே அடிபட்டால் காப்பீடு உண்டா என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு இடம், மூன்று மாதச் சோதனை. ஆரம்பத்துக்கு அவ்வளவு போதும்.

கேள்வி: எங்கள் எம்.டி. எல்லா ஊழியர்களும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்கிறார். வருகைப் பதிவு எடுத்து அப்ரைசலில் மதிப்பெண் சேர்க்கலாம் என்றும் சொல்கிறார். அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது? (மனிதவள அதிகாரி)

பதில்: அவர் எண்ணம் நல்லதுதான், வழி தவறு. கட்டாயம் என்று ஆனபிறகு அது தொண்டு இல்லை, வேலை. வேலை என்றால் சம்பளக் கணக்கில் வந்துவிடும். அமெரிக்காவின் தொழிலாளர் விதிகள் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன: முதலாளி கேட்டுக்கொண்டோ அவருடைய கட்டுப்பாட்டிலோ செய்யும் பொதுப்பணி, வேலை நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் சட்ட ஆலோசகரிடம் இதை ஒருமுறை கேட்டு, அவர் சொல்வதை எம்.டி.யிடம் கொண்டுபோங்கள். மேலிடத்தில் பல சமயம் மனசாட்சியைவிடச் சட்டம் சீக்கிரம் புரியும்.

ஆனால் என் கவலை சட்டத்தோடு நிற்கவில்லை. ஒரு ஊழியருக்கு வீட்டில் படுக்கையில் கிடக்கும் அம்மா இருப்பார். வேலை முடிந்ததும் ஓடிப்போய் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டுக் காலையில் ஆபீஸுக்கு வருவார். அவரைப் பார்த்து, "நீங்கள் சமூகத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்று ஒரு படிவம் கேட்டால் அது எவ்வளவு பெரிய அவமானம்? அப்ரைசலில் சேர்த்தால் இதுதான் நடக்கும். வீட்டில் பொறுப்பு குறைவாக இருப்பவர்களுக்கு மதிப்பெண் ஏறும், மற்றவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இறங்கும்.

கட்டாயம் என்ற வார்த்தையைச் சொல்லாமலே கட்டாயப்படுத்துவதும் நடக்கிறது. இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, டீம் லீடர் ஒவ்வொரு மேஜையாக வந்து நின்று கேட்பது, ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டு வராதவரைத் திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் விசாரிப்பது. இதெல்லாம் கூடவே கூடாது. மதம், கட்சி சார்ந்த அமைப்புகளுக்கு எல்லாரையும் சேர்த்து அழைத்துப்போவதும் அப்படித்தான். விருப்பம் இருப்பவர் தன் நேரத்தை அங்கே செலவிடட்டும், நிறுவனத்தின் பொதுத் திட்டத்தில் அது வேண்டாம்.

எம்.டி.யிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சார், எத்தனை பேர் வந்தார்கள் என்பது முக்கியமா, வந்தவர்கள் அடுத்த முறையும் தாங்களாகவே வந்தார்களா என்பது முக்கியமா?" இரண்டாவதுதான் முக்கியம் என்று அவர் ஒப்புக்கொண்டால் வருகைப் பதிவுப் பேச்சு தானாக அடங்கிவிடும். அவரே முதல் ஆளாக, படம் பிடிக்க யாரும் இல்லாத ஒரு சாதாரண நாளில் போய் வேலை செய்துவிட்டு வந்தால் அதைவிடப் பெரிய அழைப்பு வேறு இல்லை.

கேள்வி: நாங்கள் சின்ன முதியோர் இல்லம் நடத்துகிறோம். வருடக் கடைசியில் கம்பெனிகள் வரிசையாக வருகின்றன. சில நாள் ஒரே நாளில் இரண்டு குழு. மற்ற மாதங்களில் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் நன்கொடை நின்றுவிடுமோ என்று பயம். என்ன செய்வது? (இல்ல நிர்வாகி)

பதில்: உங்கள் கடிதத்தை நிறுவனங்களில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு நாளை நானும் ஒரு இல்லத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு வர வேண்டிய குழு பன்னிரண்டு மணிக்கு வந்தது. ஒன்பதரைக்கே நல்ல உடை உடுத்தி நாற்காலிகளில் உட்காரவைக்கப்பட்ட பாட்டிமார்களில் ஒருவர் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பணிப்பெண்ணின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். பணிப்பெண்ணோ பேனர் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை, ஒவ்வொருவர் முகத்திலும் உண்மையான அன்பு இருந்தது. ஆனால் அந்த இல்லத்தின் அன்றைய சாப்பாட்டு நேரம், மாத்திரை நேரம், தூக்கம் மூன்றும் தாறுமாறாகிவிட்டன. அதைச் சரிசெய்ய வேண்டிய வேலை சாயங்காலம் அந்தப் பணிப்பெண் தலையில்தான் விழுந்தது.

நீங்கள் தயங்காமல் ஒரு கடிதம் தயார் செய்துவைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தக் கிழமை, எந்த நேரம் வரலாம், ஒரு சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பேர், யாரைப் படம் எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்று எல்லாம் இருக்கட்டும். "வருடக் கடைசி நாட்கள் நிரம்பிவிட்டன, இந்தந்த மாதங்களில் எங்களுக்கு ஆள் தேவை" என்று ஒரு வரி. அதற்குக் கீழே செய்ய வேண்டிய வேலைகள்: வாரம் ஒரு நாள் இரண்டு பேர் வந்து கடிதம் படித்துக் காட்ட, போன் போட்டுக் கொடுக்க, கண் மருத்துவரிடம் அழைத்துப்போக. வேண்டாம் என்று சொல்லி வாசலை மூடாமல் வேறு வாசலைக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டும் பேனரோடு இன்ன தேதியில்தான் வருவோம் என்று அடம்பிடிக்கும் நிறுவனம் உங்களுக்கு நீண்ட காலத் துணையாக இருக்கப்போவதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். வருகிறவர்களை வரவேற்று, வேலை காட்டி, கூடவே நின்று, முடிந்ததும் ஒழுங்குபடுத்த உங்கள் ஆட்களின் நேரம் செலவாகிறது. அந்தச் செலவுக்கும் சேர்த்து நன்கொடை தாருங்கள் என்று கேட்பதில் எந்த வெட்கமும் இல்லை. சொல்லாவிட்டால் கம்பெனிகளுக்கு இது தோன்றவே தோன்றாது, சொன்னால் பல பேர் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

குழந்தைகள் இல்லம் நடத்துபவர்களுக்கு: நீங்கள் இதைவிடக் கறாராக இருக்க வேண்டும். ஒரு நாள் வந்து மடியில் தூக்கிக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வராமலே போகிறவர்கள் அந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவைத்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சுற்றுலாவோடு சேர்த்து நடக்கும் அநாதை இல்லத் தொண்டுத் திட்டங்களால் குழந்தைகளுக்குத் தீங்கு நேரலாம் என்று 2019-ல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமே எச்சரித்தது. பின்னணி விசாரிக்காமல் யாரையும் குழந்தைகளோடு தனியாக விடாதீர்கள். முகம் தெரியும் படம் எடுக்கவே கூடாது.

கேள்வி: நான் ஷிஃப்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனியில் ஆபீஸ்காரர்கள் மட்டும் வேலை நேரத்தில் தொண்டுக்குப் போய்வருகிறார்கள். லைனில் நிற்கும் எங்களை யாரும் கேட்பதுகூட இல்லை. (தொழிற்சாலை ஊழியர்)

பதில்: உங்கள் ஆதங்கம் முழுக்க நியாயமானது. லைனை நிறுத்த முடியாது என்பார்கள். நிறுத்த வேண்டாமே. பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது ரிலீவரை வைத்துத்தானே சமாளிக்கிறார்கள்? அதே ஏற்பாடு இதற்கும் போதும். ஷிஃப்ட் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம் அல்லது முடியும் கடைசி இரண்டு மணி நேரம், ஒரு முறைக்கு மூன்று பேர், மாறி மாறி. உங்கள் சங்கத்தின் மூலமாகவோ தொழிலாளர் கமிட்டி மூலமாகவோ எழுத்தில் கேளுங்கள். தனி ஆளாக சூப்பர்வைசரிடம் கேட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

உண்மையில் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் வெளியில் தேவை அதிகம். சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்காமல் போயிருக்கும், மருத்துவக் கட்டிலின் திருகு கழன்று ஆடும், பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்து கிடக்கும். ஒரு ஃபிட்டரும் ஒரு எலக்ட்ரீஷியனும் ஒரு காலை நேரத்தில் செய்துவிடுகிற காரியத்தை இருபது பேர் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தாலும் செய்ய முடியாது.

கேள்வி: ஐந்து வருடமாக நடத்துகிறோம். மரக்கன்று நடுதல், பள்ளிச் சுவருக்குப் பெயின்ட், ரத்ததான முகாம். வருடா வருடம் வருகிறவர்கள் குறைகிறார்கள். எப்படிச் சீர்செய்வது? (ஒருங்கிணைப்பாளர்)

பதில்: வராமல் நின்றுபோனவர்களிடம் போய்க் காரணம் கேட்டீர்களா? பெரும்பாலும் சர்வே அனுப்புவது வந்தவர்களுக்குத்தான், அவர்கள் நன்றாக இருந்தது என்றுதான் எழுதுவார்கள். நின்றுபோன ஐந்து பேரோடு தனித்தனியாக டீ குடித்துக்கொண்டே பேசினால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். என் ஊகம், "நாங்கள் நட்ட கன்று என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை" என்பதுபோல ஏதோ ஒன்றைத்தான் சொல்வார்கள்.

நீங்கள் செய்யும் மூன்றுமே நல்ல வேலைகள், செய்யும் விதத்தை மாற்ற வேண்டும். கன்று நடுவது அரை நாள் வேலை, காப்பாற்றுவதுதான் இரண்டு மூன்று வருட வேலை. அதனால் நடும் நாளைச் சின்னதாக்கி, தண்ணீர் ஊற்றும் முறையைப் பெரிதாக்குங்கள். சுவரைப் பொறுத்தவரை, அந்தப் பள்ளிக்குப் பெயின்ட்தான் தேவையா என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத பள்ளியின் வெளிச்சுவரில் வருடத்துக்கு ஒரு புதுப்படம் வரைவது எனக்கு மனம் ஒப்பவில்லை. ரத்ததானத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சேமித்த சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள் வரைதான் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 5 நாள், சில இடங்களில் 7 நாள். வருடத்தில் ஒரே நாளில் இருநூறு பேர் கொடுப்பதைவிட, ரத்த வங்கியிடம் கேட்டு, அவர்களுக்குத் தட்டுப்பாடு வரும் சமயங்களில் ஐம்பது ஐம்பது பேராக நான்கு முறை கொடுப்பது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஊழியர்களின் தொழில் திறமையைப் பயன்படுத்துங்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்த ஒரு பெண் ஒரு சின்ன அமைப்பின் நன்கொடைப் பதிவேட்டைச் சரிசெய்யப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரே நன்கொடையாளர் மூன்று விதமான எழுத்தில் மூன்று ஆட்களாகப் பதிவாகியிருந்தார், ரசீது எண்கள் பாதியில் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தன, வங்கிக் கணக்கோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. வாரம் ஒரு மாலை வீதம் வந்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, கடைசியில் அங்கே வேலை பார்த்த இளைஞருக்கு அதை நடத்தக் கற்றும் கொடுத்துவிட்டுத்தான் போனார். கற்றுக்கொடுத்ததுதான் இதில் முக்கியம். அந்த வருடம் அந்த அமைப்பு தணிக்கைக்குப் பயமில்லாமல் உட்கார்ந்தது, பெரிய மானியத்துக்கு விண்ணப்பிக்கவும் முடிந்தது. படம் எடுத்துப் போட இதில் ஒன்றுமே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திறமைத் தொண்டு என்ற பெயரில் யாரும் கேட்காத வெப்சைட்டைச் செய்து கொடுத்துவிட்டு, அதைப் பராமரிக்க ஆள் இல்லாமல் அம்போவென்று விட்டுவிடாதீர்கள். யார் பராமரிப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தபிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: இதனால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று நிதிப் பிரிவில் கேட்கிறார்கள். (மேலாளர்)

பதில்: ஆய்வுகள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 46,000-க்கும் அதிகமான ஊழியர்களின் தரவுகளை எடுத்துப் பார்த்து 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிற்சி, தியான ஆப் போன்றவற்றில் பங்கெடுத்தவர்கள் பங்கெடுக்காதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை, தொண்டு வாய்ப்பு மட்டும் விதிவிலக்காக இருந்தது. ஆனால் அது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு, தொண்டுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஜெசிக்கா ரோடெல் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தொண்டு செய்கிறவர்கள் வேலையில் இன்னும் ஆழ்ந்து ஈடுபடுகிறார்கள், தொண்டால் வேலை கெடவில்லை என்று தெரியவந்தது. இவற்றை நிதிப் பிரிவுக்குக் காட்டுங்கள்.

ஆனால் உங்கள் அறிக்கையில் "இத்தனை மணி நேரம், இத்தனை பேர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் போன இடத்தில் ஆறு மாதம் கழித்து, உங்கள் பெயரைச் சொல்லாத வேறு ஒருவரைவிட்டு, "அவர்கள் வந்ததால் உங்களுக்கு வேலை குறைந்ததா, கூடியதா? திரும்ப அழைப்பீர்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கும் பதில் கசப்பாக இருந்தாலும் அப்படியே அறிக்கையில் போடுங்கள்.

கேள்வி: எங்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில்: ஒலிப்புத்தகத்துக்கு வாசித்துப் பதிவு செய்வது, மொழிபெயர்ப்பது, வேலை தேடும் இளைஞரோடு வாரம் ஒருமுறை போனில் பேசிப் பயிற்சி கொடுப்பது என்று எவ்வளவோ இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு ஆளோடு தொடர்ந்து பேசும் வேலையை ஒப்புக்கொண்டவர் குறைந்தது ஆறு மாதமாவது நிற்க வேண்டும். முடியாது என்றால் வாசிப்பு மாதிரி வேலைகளை எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினம் அன்று எங்கள் திட்டத்தைத் தொடங்கலாம் என்று இருக்கிறோம். சரியா?

பதில்: அந்த நாளை ஐ.நா. பொதுச்சபை 1985-ல் அறிவித்தது. அன்றைக்கு உங்கள் ஆபீஸில் சத்தமில்லாமல் தொண்டு செய்துகொண்டிருப்பவர்களை அழைத்து நன்றி சொல்லுங்கள், ரொம்பப் பொருத்தமாக இருக்கும். திட்டத்தைத் தொடங்குவதற்கு மட்டும் வேறு தேதி பாருங்கள். மேலே எழுதியிருக்கும் முதியோர் இல்லத்தைப் போலப் பல இடங்களுக்கு வருடக் கடைசியில்தான் கூட்டம் தாங்க முடிவதில்லை. நீங்கள் போகப்போகும் இடத்துக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, உங்களுக்கு ஆளே வராத மாதம் எது என்று கேளுங்கள், அந்த மாதத்தில் ஆரம்பியுங்கள்.